மேசைமேல் ஆடும் பாத்திர ஆட்டங்களில் கட்டங்களை வைத்துத் தூரம் அளப்பது எப்படி

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக் கதையை நடத்தும் பாத்திர ஆட்டம் ஒன்றில், வில்லாளியின் காயிலிருந்து கிழக்கே 7 கட்டமும் வடக்கே 4 கட்டமும் தள்ளி ஓர் ஓநாயின் காய் நிற்கிறது. ஒரு கட்டம் 5 அடி. இரண்டுக்கும் இடையே எத்தனை அடி என்று மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நால்வரைக் கேட்டால் 35, 45, 55, 40 என்று நான்கு விடைகள் வரக்கூடும். நால்வரில் ஒருவர்கூடக் கணக்கில் தவறியிருக்க மாட்டார். முதலாமவர் மூலைவிட்டமாகப் போவதையும் ஒரே கட்டமாக எண்ணியிருப்பார். இரண்டாமவர் ஒன்றுவிட்டு ஒரு மூலைவிட்டத்தை இரண்டு கட்டமாக எண்ணியிருப்பார். மூன்றாமவர் மூலைவிட்டத்தையே அனுமதிக்காமல் கிழக்கே போய்ப் பிறகு வடக்கே திரும்பியிருப்பார். நான்காமவர் அளவுகோலை எடுத்து இரு காய்களுக்கும் இடையே நேராக வைத்துப் பார்த்திருப்பார்.

சண்டையின் நடுவில் எழும் தூரத் தகராறுகளுக்குக் கூட்டல் கழித்தல் பிழை காரணமாவது அபூர்வம். நகர்வதற்கு ஒரு முறை, அம்புக்கு ஒரு முறை, மந்திரம் பரவும் இடத்துக்கு வேறொரு முறை என்று ஒரே மேசையில் மூன்று கணக்குகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவை எழுகின்றன. எனவே ஒரு முறையைத் தேர்ந்து அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வது என்ற நோக்கில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. அப்படி வைத்துக்கொள்ள முடியாத ஓரிரு இடங்களும் உண்டு. அவற்றை அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

அளவும் அதன் பொருளும்

பெரும்பாலான ஆட்டங்களில், மேசைமேல் போடும் கட்டமிட்ட விரிப்பின்மீதுள்ள 1 அங்குலச் சதுரம் ஆட்ட உலகின் 5 அடியைக் குறிக்கும். 5 அடி என்பது 60 அங்குலம். ஆகவே வரைபடத்தின் அளவு 60-க்கு 1. இந்தக் கணக்கில் 6 அடி உயர மனிதர் மேசைமேல் 1.2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்; 28 மில்லிமீட்டர் அளவு என்று விற்கப்படும் பொம்மைக் காய்கள் இந்தக் கட்டத்தில் பொருத்தமாக நிற்பது அதனால்தான். அங்குலத்தில் அளக்கும் பழக்கம், பொம்மைப் படைகளை வைத்து ஆடிய போர் ஆட்டங்களிடமிருந்து வந்த சொத்து. 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர ஆட்டம் அந்தக் குடும்பத்தில் பிறந்ததால், அதன் ஆரம்பப் பதிப்புகள் வேகத்தையும் மந்திர வீச்சையும் அங்குலத்திலேயே சொல்லி, நிலவறைக்குள் 1 அங்குலம் 10 அடி என்றும் வெட்டவெளியில் அதே 1 அங்குலம் 10 கஜம் என்றும் வைத்திருந்தன. பழைய சாகசக் கதையொன்றை எடுத்து இன்றைய விரிப்பில் ஆட விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த வரைபடங்களில் ஒரு கட்டம் பெரும்பாலும் 10 அடியாக இருக்கும், உங்கள் விரிப்பில் அது நான்கு கட்டங்களாக விரியும். மெட்ரிக் அளவுகள் வழங்கும் மொழிகளில் வெளியான பதிப்புகள் பல, 5 அடியை 1.5 மீட்டராக வைத்துக்கொள்கின்றன. அங்கே வேகம், அதாவது ஒரு தடவை நகரக்கூடிய தூரம், 9 மீட்டர் என்று எழுதியிருந்தால் அது 30 அடியே, ஆறு கட்டமே.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய விதிகளில் ஒரு சுற்று, அதாவது எல்லாரும் ஒரு தடவை ஆடி முடிக்கும் நேரம், 6 விநாடி. 6 விநாடியில் 30 அடி என்பது மணிக்கு ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர், சற்றுச் சுறுசுறுப்பான நடை, அவ்வளவுதான். "என் வீரன் இவ்வளவு மெதுவாகவா போவான்?" என்று கேட்கும் ஆட்டக்காரரிடம், அதே 6 விநாடியில் அவன் வாளையும் சுழற்றுகிறான் என்று நினைவூட்டினால் போதும்.

எண்ணத் தொடங்கும் இடம் பற்றிய விதி எளியது. நீங்கள் நிற்கும் கட்டத்தை எண்ணக் கூடாது. போய்ச் சேரும் கட்டத்தை, அல்லது குறி நிற்கும் கட்டத்தை, எண்ண வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் எதிரி 5 அடி தூரத்தில் இருக்கிறார் என்பது இதன் விளைவு. நடுவிலுள்ள கட்டங்களை மட்டும் எண்ணி "இடையில் மூன்று கட்டம், ஆகவே 15 அடி" என்று சொல்வதே புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை. அங்கே தூரம் 20 அடி. ஒரு கட்டத்தில் நுழைவதற்கான விலையை நுழையும்போதே கட்ட வேண்டும்; மீதமுள்ள நகர்வு அதற்குப் போதாவிட்டால் நுழைய முடியாது. பாதிக் கட்டத்தில் நிற்பது என்று ஒன்றில்லை.

மூலைவிட்டத்துக்கு எவ்வளவு விலை

ஒரு சதுரத்தின் பக்கம் 5 அடியானால் அதன் மூலைவிட்டம் 7 அடிக்குச் சற்று மேல். இந்த 7 அடியை 5 என்பதா, 10 என்பதா என்பதுதான் சதுரக் கட்டத்தின் ஆதித் தொல்லை. எந்த முழு எண்ணும் அதற்குச் சரியாகப் பொருந்தாது.

எல்லாத் திசையிலும் ஒரு நகர்வு ஒரு கட்டம் என்பது முதல் வழி. சதுரங்கத்தில் ராஜா நகர்வதைப் போல என்று சொன்னால் யாருக்கும் உடனே புரியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதைத்தான் கையாண்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பும், கட்டம் வைத்து ஆடுவோருக்கு இதையே பொது விதியாகத் தந்தது. இதில் தூரம் காண்பது குழந்தை விளையாட்டு: கிழக்கு-மேற்கு வித்தியாசம், வடக்கு-தெற்கு வித்தியாசம் ஆகிய இரண்டில் பெரியது எதுவோ அதுவே விடை. 7-உம் 4-உம் என்றால் 7; 35 அடி. ஆனால் இந்த உலகில் சாய்வாக ஓடுபவர் நேராக ஓடுபவரைவிட வேகமானவர். 60 அடி நீளமுள்ள நடைபாதையைக் கோட்டோடு ஒட்டி வரைந்தால் அது 12 கட்டம். 30 அடி வேகக்காரருக்கு இரண்டு முறை நகர வேண்டும். அதே நடைபாதையைத் தாளில் சாய்த்து வரைந்தால் எட்டரை மூலைவிட்டம்தான் வரும். அதே ஆள் ஒரே முறையில் 42 அடி கடந்துவிடுவார். கட்டடம் மாறவில்லை, காகிதம் மட்டும் திரும்பியது. இந்த முறையில் ஆடுவதானால் முக்கியமான நடைபாதைகளையும் பெரிய அறைகளின் சுவர்களையும் கட்டக்கோட்டோடு ஒட்டியே வரையுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழியில் முதல் மூலைவிட்டம் ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மறுபடி ஒன்று என்று மாறி மாறி வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பான 3.5 இதைப் பயன்படுத்தியது. பாத்ஃபைண்டர் என்ற மற்றொரு பாத்திர ஆட்டமும் 2009-இன் முதல் பதிப்பிலும் 2019-இன் இரண்டாம் பதிப்பிலும் இதையே தொடர்ந்தது. ஆட்டத்தை நடத்துபவருக்கென 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் நூலிலும் இது விருப்ப விதியாக இருந்தது. வாய்விட்டு எண்ணும்போது மூலைவிட்டங்களுக்கு "ஒன்று, மூன்று, நான்கு, ஆறு" என்று எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு சண்டைக்குள் நாக்கு தானாகவே சொல்லும். 30 அடி வேகக்காரர் இதில் நான்கு மூலைவிட்டத்தோடு நின்றுவிடுவார். தூரம் காண விரலால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டிய அவசியமும் இல்லை: பெரிய வித்தியாசத்தோடு சிறிய வித்தியாசத்தின் பாதியைக் கூட்டி, அரைக் கட்டம் மிஞ்சினால் அதை விட்டுவிட வேண்டும். 7-உம் 4-உம் என்றால் 7 கூட்டல் 2, ஆக 9 கட்டம், 45 அடி. உண்மைத் தூரம் 40 அடி என்பதால் இது சற்று மிகுதிதான். இந்த முறையில் மிகை 12 விழுக்காட்டைத் தாண்டாது. தம் வாய்ப்பு வரும்போது ஒருவர் இரண்டு தடவை நகர்ந்தால் எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றும், அந்த வாய்ப்பு முடிந்ததும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றும் பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. எந்த ஆட்டமானாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் ஒவ்வொரு நகர்வையும் மலிவான முதல் மூலைவிட்டத்தோடு தொடங்கும் சாமர்த்தியம் சிலருக்கு வந்துவிடும்.

மூலைவிட்டமே கூடாது என்பது மூன்றாவது வழி. இரு வித்தியாசங்களையும் கூட்டினால் தூரம் கிடைத்துவிடும். எண்ணுவது எளிது, ஆனால் சாய்வாக நிற்பவர் உண்மையைவிட 41 விழுக்காடு வரை தள்ளிப் போய்விடுகிறார், மூலையோடு மூலை தொட்டு நிற்கும் எதிரியை வாளால் தொட முடியாது. குறுகிய சந்துகளும் அறைகளுமாக இருக்கும் பலகை ஆட்டங்களுக்கு இது பொருந்தும். பாத்திர ஆட்டத்தில் நான் பரிந்துரைப்பதில்லை.

அளவுகோலோ, அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட நூலோ வைத்து நேர்த்தூரம் அளப்பது நான்காவது. துல்லியம் இதில்தான் முழுமை. விலையாக நேரத்தைக் கொடுக்க வேண்டும். எல்லாரும் புதியவர்களாக இருக்கும் மேசைக்கு முதல் வழியையும், வில்லாளிகளும் பறக்கும் உயிர்களும் நிறைந்த சண்டைகளுக்கு இரண்டாவதையும் நான் வைத்துக்கொள்வேன். கட்டமே இல்லாத விரிப்பில் ஆடுவோருக்கு மட்டும் நூல்.

ஒரு நகர்வை அருகிலிருந்து பார்ப்போம்

வாள்வீராங்கனை ஒருத்திக்கு வேகம் 30 அடி. அவள் நிற்கும் கட்டத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால், எதிரி கிழக்கே 5, வடக்கே 3 தள்ளி நிற்கிறான். கிழக்கே 4, வடக்கே 2 என்ற கட்டத்தை அடைந்தால் மூலைவாட்டமாக அவனைத் தாக்கலாம். வழியில் இரண்டு தடைகள் உள்ளன. கிழக்கே 2-இல், அதாவது அவளுடைய வரிசையிலேயே, ஒரு கல்தூண் தன் கட்டம் முழுவதையும் அடைத்து நிற்கிறது. கிழக்கே 1, வடக்கே 1-இல் இடிபாடு குவிந்திருக்கிறது. அது கடினத் தரை, அதாவது கடக்கக் கூடுதல் நகர்வு கேட்கும் இடம்.

கண்ணுக்கு முதலில் தோன்றும் வழி, கிழக்கே ஒரு கட்டம் போய் அங்கிருந்து இரண்டு மூலைவிட்டமும் ஒரு நேர் நகர்வும் வைப்பது. நான்கே நகர்வு. ஆனால் அந்த முதல் மூலைவிட்டம் தூணின் மூலையை அறுத்துக்கொண்டு போகிறது. சுவர், பெரிய மரம், தூண் என்று கட்டத்தை நிறைத்து நிற்கும் எதன் மூலையையும் குறுக்காகத் தாண்டக் கூடாது என்று 3.5-உம் ஐந்தாம் பதிப்பும் ஒரே குரலில் சொல்கின்றன. எனவே அந்த வழி அடைபட்டது. இடிபாட்டுக்கும் எதிரிகள் நிற்கும் கட்டங்களுக்கும் இந்தத் தடை கிடையாது. அவற்றின் மூலையை உரசிக்கொண்டு போகலாம்.

இடிபாட்டின்மேல் ஏறிப் போவது அடுத்த வழி. அதில் முதல் நகர்வு இடிபாட்டுக்குள் ஒரு மூலைவிட்டம், அடுத்தது இன்னொரு மூலைவிட்டம், பிறகு கிழக்கே இரண்டு. ஐந்தாம் பதிப்பின் பொது விதிப்படி கடினத் தரைக் கட்டத்துக்கு 10 அடி, மற்ற மூன்றுக்கும் ஐந்தைந்து, ஆக 25 அடி. பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் கடினத் தரை அந்த நகர்வின் விலையோடு 5 அடியைக் கூட்டும். ஆகவே முதல் மூலைவிட்டம் 10, இரண்டாவது மூலைவிட்டம் என்பதால் அடுத்ததும் 10, பிறகு 5, 5, ஆக 30 அடி. 3.5-இலோ கடினத் தரைக்குள் வைக்கும் மூலைவிட்டம் ஒன்றே மூன்று கட்டத்தை விழுங்கும்.

மூன்றாவது வழி இடிபாட்டை வடக்கே சுற்றிப் போவது. முதலில் வடக்கே ஒன்று, பிறகு வடகிழக்கே ஒரு மூலைவிட்டம், பிறகு கிழக்கே மூன்று. ஐந்து நகர்வு, அதில் மூலைவிட்டம் ஒன்றுதான். இந்த மூன்று விதிகளில் எதன்படி எண்ணினாலும் 25 அடி. ஐந்தாம் பதிப்பில் ஏறிப் போனாலும் சுற்றிப் போனாலும் செலவு ஒன்றே. பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் சுற்றிப் போகிறவளுக்கு 5 அடி மிச்சம். ஒரே தரை, ஒரே தூண். எண்ணும் முறை மாறினால் நல்ல வழியும் மாறிவிடுகிறது. ஆட்டக்காரர்களுக்கு முறையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்: காயைத் தூக்கிய பிறகு விதியைச் சொல்வது அவர்கள் போட்ட திட்டத்தைப் பறிப்பதற்குச் சமம்.

தரையைப் பற்றி இன்னும் இரண்டே சொற்கள். 2014 விதிகளில் ஊர்வதும், அதற்கெனத் தனி வேகம் இல்லாதவர் ஏறுவதும் நீந்துவதும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக ஓர் அடி கேட்கும். கடினத் தரையில் ஊர்ந்தால் அது மூன்று மடங்காகும். விழுந்து கிடப்பவர் எழுவதற்கு வேகத்தில் பாதி போய்விடும் என்பதால், 30 அடிக்காரருக்கு எழுந்தபின் மூன்று கட்டமே மிஞ்சும்.

கைக்கெட்டும் தூரமும் பெரிய உடல்களும்

நீண்ட ஈட்டியின் எட்டும் தூரம் 10 அடி என்று வைப்போம். மூலைவிட்டம் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் என்ற முறையில் அந்த ஈட்டிக்காரர் தம்மைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து சதுரத்தைக் காவல் காக்கிறார். தம் கட்டத்தைக் கழித்தால் 24 கட்டம். மாறி மாறி எண்ணும் முறையிலோ இரண்டு மூலைவிட்டம் 15 அடியாகிவிடுவதால் நான்கு மூலைக் கட்டங்களும் அவருடைய எல்லைக்கு வெளியே விழுந்துவிடும். அப்போது எதிரி மூலைவிட்டமாக வந்தால், 15 அடியிலிருந்து நேரே 5 அடிக்குத் தாவிவிடுகிறான். 10 அடி என்ற தூரத்தை அவன் தொடுவதே இல்லை. ஈட்டியின் பயன் போயிற்று. இந்த ஓட்டையை அடைக்கவே 3.5-உம் பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பும், கைக்கெட்டும் தூரம் 10 அடியாக இருக்கும்போது மட்டும் இரண்டு மூலைவிட்டமும் எட்டும் என்று ஒரு விதிவிலக்கை எழுதிவைத்தன. 15 அடியிலிருந்து வழக்கமான எண்ணிக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். நான் முதலில் சொன்ன ஓரிரு இடங்களில் இது ஒன்று.

இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று இடம் பிடிக்கும் பெரிய உயிர்களுக்குத் தூரம் அளக்கும்போது, அவற்றின் கட்டங்களில் உங்களுக்கு மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை நகர்த்தும்போது அவற்றின் ஏதேனும் ஒரு மூலைக் கட்டத்தைக் குறித்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அந்த ஒரே கட்டத்தின் பாதையையே எண்ணுங்கள். நடுவில் வேறொரு மூலைக்கு மாறினால் ஒரு கட்டம் இலவசமாகக் கிடைத்துவிடும்; நாங்கள் ஆடிய ஆட்டமொன்றில் ஒரு பாறைப் பூதம் இப்படித்தான் நான்கு சுற்றுக்கு 7 கட்டம் நடந்துகொண்டிருந்தது, நடத்திய நானும் கவனிக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு உடலுக்குக் கைக்கெட்டும் தூரம் 10 அடி என்றால், முதல் முறைப்படி அது ஆறுக்கு ஆறு சதுரத்தில் தன் நான்கு கட்டம் போக 32 கட்டங்களை ஆள்கிறது. அந்த எல்லையைச் சண்டை தொடங்கும்போதே வண்ணக் கம்பியால் சுற்றிக் காட்டிவிட்டால், அதைவிட்டு விலகி அந்த உயிரின் தாக்குதலைத் தூண்டியவர் யார் என்ற கேள்வியே எழாது.

பரவும் மந்திரங்கள்

20 அடி ஆரத்தில் வெடிக்கும் தீக்கோளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்புள்ளியைக் கட்டத்துக்குள் வைக்காமல் நான்கு கட்டங்கள் சந்திக்கும் முனையில் வைப்பது வழக்கம். அங்கிருந்து, மூலைவிட்டம் ஒன்றே என்று எண்ணினால் தீ எட்டுக்கு எட்டுச் சதுரமாகப் பரவி 64 கட்டங்களை எரிக்கும். மாறி மாறி எண்ணி, கட்டத்தின் தூர மூலையும் எல்லைக்குள் வர வேண்டும் என்று பார்த்தால் 44 கட்டம். உண்மையான வட்டத்தை வரைந்து, நடுப்பகுதி அதற்குள் விழும் கட்டங்களை மட்டும் எடுத்தால் 52. வட்டத்தின் உண்மைப் பரப்பு 50 கட்டத்துக்குச் சற்று மேல் என்பதால் கடைசி எண்ணே நேர்மைக்கு மிக அருகில் இருக்கிறது. வட்டம் ஒரு கட்டத்தில் பாதியையாவது மூடினால் அந்தக் கட்டம் பாதிக்கப்படும் என்று ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் நூல் சொல்வதும் கிட்டத்தட்ட இதே விடையைத் தரும்.

64-க்கும் 44-க்கும் உள்ள வித்தியாசம் சண்டையின் முடிவையே புரட்டிப்போடும். நகர்வுக்கு முதல் முறையை வைத்துக்கொண்டு தீக்கோளத்தை மட்டும் வட்டமாக வரைந்தால், மூலையில் நிற்கும் ஒருவர் "எனக்கும் அந்தப் புள்ளிக்கும் 20 அடிதானே" என்று எண்ணிக் காட்டுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும் என்று விரும்பினால் வட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது விதிவிலக்கு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். 8 அங்குல விட்டத்தில் ஒரு கம்பி வளையம் செய்துவைத்தால் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியதில்லை; ஒளிபுகும் தாளில் வெட்டிய அச்சும் அதே வேலையைச் செய்யும்.

கூம்பு வடிவத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் பொருளே மாறுகிறது. ஐந்தாம் பதிப்பில் கூம்பின் அகலம் எந்த இடத்திலும் தொடக்கத்திலிருந்து அந்த இடத்துக்குள்ள தூரத்துக்குச் சமம்; கோணமாகச் சொன்னால் ஏறத்தாழ 53 பாகை. 3.5-இலும் பாத்ஃபைண்டரிலும் அது கால் வட்டம், 90 பாகை. ஓர் ஆட்டத்துக்காக வெட்டிய அச்சு அடுத்ததற்குப் பயன்படாது.

உயரம்

பறக்கும் காயின் அருகே ஒரு பகடையை வைத்து, மேலே தெரியும் எண்ணை ஐந்தால் பெருக்கினால் உயரம் என்று வைத்துக்கொள்வதே நான் கண்டதில் சுலபமான வழி. ஒரு டிராகன் தரையளவில் 6 கட்டம் தள்ளி, 8 கட்டம் உயரத்தில் பறக்கிறது. நேர்த்தூரம் சரியாக 50 அடி. முதல் முறையில் பெரிய எண்ணே விடை என்பதால் 40 அடி. மாறி மாறி எண்ணினால் 8-உம் 6-இன் பாதியும் சேர்ந்து 11 கட்டம், 55 அடி.

கிழக்கு, வடக்கு, உயரம் மூன்றிலும் வித்தியாசம் இருந்தால் முதலில் தரைத் தூரத்தைக் கண்டு, பிறகு அதையும் உயரத்தையும் அதே விதியால் சேர்க்க வேண்டும். நம் பழைய 7-க்கும் 4-க்கும் மேலே 6 கட்ட உயரத்தைச் சேர்த்தால், மாறி மாறி எண்ணும் முறையில் தரையில் 9, அதோடு 3, ஆக 12 கட்டம், 60 அடி. உண்மை 50 அடி. மிகை 20 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. இரண்டு தடவை தோராயம் செய்ததன் விளைவு. அடிக்கடி வானில் சண்டை நடக்கும் கதையானால் உயரம் சேர்ந்த தூரங்களுக்கு மட்டும் கைபேசிக் கணிப்பானில் மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் சொன்ன ஓரிரு இடங்களில் இது இன்னொன்று.

அறுகோணம்

அறுகோணக் கட்டத்தில் எல்லா அண்டைக் கட்டமும் சம தூரத்தில் இருப்பதால் மூலைவிட்டத் தொல்லை அடியோடு போகிறது. போர் ஆட்டங்களில் கெட்டிஸ்பர்க் என்ற ஆட்டத்தின் 1961 பதிப்பு இதைக் கொண்டுவந்தது. பாத்திர ஆட்டங்களில் 1986-இல் வெளியான கர்ப்ஸ் ஓர் அறுகோணத்தை ஒரு கஜமாக வைத்தது. குறை இல்லாமல் இல்லை: அறுகோணத்தின் ஆறு நேர்த்திசைகளுக்கு நடுவே போக வேண்டுமானால் வளைந்து வளைந்து போக வேண்டும், எண்ணிக்கை உண்மைத் தூரத்தைவிட அதிகபட்சம் 15 விழுக்காடு மிகும். செவ்வக அறையின் சுவர்கள் கட்டங்களைக் கூறுபோடும். பாதிக்குமேல் அறைக்குள் இருக்கும் கட்டத்தில் நிற்கலாம், மற்றதில் கூடாது என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டால் அது தீரும். சதுரத்தில் ஒருவரை எட்டுப் பேர் சூழலாம், இங்கே ஆறு பேர்தான். கூட்டமாக வரும் சிறு பகைவர்கள் இதனால் சற்று வலுவிழப்பார்கள்.

தூரம் காண, கட்டங்கள் செங்குத்து நிரல்களாக அடுக்கப்பட்ட தாளில், எத்தனை நிரல் தள்ளிப் போக வேண்டும் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு நிரலைத் தாண்டும்போதும் அரை வரிசை இலவசமாக ஏறவோ இறங்கவோ செய்யலாம். 4 நிரலும் 5 வரிசையும் தள்ளி நிற்கும் குறிக்கு, நான்கு நகர்வில் இரண்டு வரிசை தானாகக் கிடைத்துவிடும். மிஞ்சிய மூன்றையும் சேர்த்தால் 7. பரப்பும் சுலபம்: நடுக் கட்டத்தைச் சுற்றி ஒரு வளையம் என்றால் 7 கட்டம், இரண்டு என்றால் 19, மூன்று என்றால் 37. காட்டுவழிப் பயணங்களுக்கும் வெட்டவெளிச் சண்டைகளுக்கும் நான் அறுகோணத்தையே எடுப்பேன், கட்டடங்களுக்குள் சதுரம்.

திரையில் ஆடும்போது

ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற மென்பொருள்களில் அளவுகோலை இழுத்தால் தூரம் தானே தெரியும். ஆனால் அது எந்த முறைப்படி எண்ணுகிறது என்பதை அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். வேறோர் ஆட்டத்துக்காகத் திறந்த அறையை நகலெடுத்துத் தொடங்கினால் பழைய தேர்வும் கூடவே வந்துவிடும். முதல் சண்டைக்கு முன் வெற்றுக் கட்டத்தில் கிழக்கே 7, வடக்கே 4 இழுத்துப் பாருங்கள். 35 வந்தால் ராஜாவின் கணக்கு, 45 வந்தால் மாறி மாறி எண்ணும் கணக்கு, 55 வந்தால் மூலைவிட்டமே இல்லை, 40-ஐ ஒட்டி ஏதேனும் வந்தால் நேர்த்தூரம்.